பதினான்காவது ஜோடி

ஆனைக்குட்டம்
3.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இல்லை, பயமாக இல்லை. தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பது எனக்கு ஒத்துக்கொள்கிறது. காய்ச்சல் போய்விட்டது. கால்தான் இன்னும் நடுங்குகிறது.

டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நடக்கிறேன். நாம் முன்பு நடந்த பாதைதான்: உடைமரக் காட்டுக்குள் நுழைந்து அணைக்கரை வரை. மேடு பள்ளம் இல்லை. அரை மணி நேரம். ஆடிக் காற்றுதான் மண்ணை வாரிக் கண்ணில் போடுகிறது.

நேற்று ஒரு மரத்தடியில் செருப்புகள். ஐந்து ஜோடி, வரிசையாக. ஆள் இல்லை. பக்கத்தில் கோயில் இல்லை, வீடு இல்லை.

நம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போகிறவர்கள் இப்படித்தான் வெளியே கழற்றிவிடுவார்கள், உரசிப் பொறி பறக்கக் கூடாதென்று. சின்ன வயதில் நான் எண்ணுவேன். ஒரு ரூமில் நாலு பேர்தான் உட்காரலாம்; வாசலில் நாலு ஜோடிக்கு மேல் இருந்தால் அப்பா கத்துவார்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஜூனில் அதிகாரிகள் சீல் வைத்த ரூம்களைத் திறந்துவிட்டார்களா? சுப்புலட்சுமி அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள்
ஸ்ரீமதி


சிவகாசி
6.8.2025

அன்புத் தங்கை மதிக்கு,

டிரைவர் ஊர்க்காவலனிடம் கொடுத்துவிட்ட கடிதம் வந்தது. இப்படியே எழுது. போனில் இதையெல்லாம் கேட்காதே.

ஆடு மேய்க்கிறவர்கள் செருப்பாக இருக்கும். நீ படித்தவள், செருப்பைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு கதை தேடுவாய்.

நாலு ரூமும் இன்னும் திறக்கவில்லை. தீபாவளிக்கு எழுபத்தைந்து நாள்தான் இருக்கிறது. ஆர்டர் கொடுத்தவன் எல்லாம் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அண்ணி காராச்சேவும் கருப்பட்டியும் கொடுத்துவிட்டிருக்கிறாள். உடம்பைத் தேற்று. சமையலுக்குப் பாண்டிலட்சுமி ஒழுங்காக வருகிறாளா?

நடப்பதென்றால் மாந்தோப்புப் பக்கம் நட, நிழலாக இருக்கும். சுமைதாங்கிக் கல்லுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். பாம்பு நடமாட்டம்.

அண்ணன்
மணிகண்டராஜ்


ஆனைக்குட்டம்
10.8.2025

அண்ணா,

சுமைதாங்கிக் கல்லைப் பற்றி நான் எழுதவே இல்லை. ஒரு மரத்தடி என்றுதான் எழுதினேன். காடு முழுக்க மரம்.

இன்று காலை கல்லைத் தாண்டிப் போனேன். ஒன்பது ஜோடி. ஒன்றில் அறுந்த வாருக்கு ஊக்கு குத்தியிருந்தது. அந்தச் செருப்பை எனக்குத் தெரியும். காலை ஆறு மணிக்கு என் அடுப்படி வாசலில் கிடக்கும்.

தார்ப்பாய். அதன் கீழே பெண்கள். முழங்கை வரை அலுமினியப் பொடி, வெள்ளி நிறம். நடுவில் கலந்த மருந்து, ஈரச் சாக்கு போட்டு மூடியது.

"இங்கயா, பாண்டிலட்சுமி?" என்றேன்.

"எங்கன உக்காந்தா என்னக்கா, கை ஒண்ணுதான? நீங்க நடக்க வாரீக, நாங்க உக்கார வாரோம். காடு எல்லாத்துக்கும் பொது."

எல்லோரும் சிரித்தார்கள். யார் வேலை என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே வீடு எங்கனன்னு கேக்கீகளே!"

அந்த மருந்து நேற்றைய மிச்சமாம். கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது, ஈரம் பட்டால் தானாகச் சூடேறும் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் நமக்குச் சொல்லித் தந்தார்கள். சாக்கைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

நிறுத்துங்கள், அண்ணா.

மதி


சிவகாசி
12.8.2025

மதி,

உனக்குப் புரியாது. நாலு ரூம் மூடினால் பதினாறு குடும்பம். வேலை கொடுங்கள் என்று அவர்கள்தான் வந்து நின்றார்கள். சீசன் முடிந்ததும் நிறுத்திவிடுவேன். மிச்ச மருந்தைக் கொட்டச் சொல்லிவிட்டேன்.

எங்காவது மனு எழுத நினைத்தால் ஒன்றை யோசி. அந்தக் காட்டில் என் பெயர் எதிலும் இல்லை. உட்கார்ந்திருக்கிறவர்களைத்தான் பிடிப்பார்கள். முதலில் போவது உன் பாண்டிலட்சுமி.

வெள்ளிக்கிழமை காலை வேன் வரும். துணிமணியை எடுத்து வை. நீ அங்கே இருக்க வேண்டாம். உனக்கு ஏதாவது ஆனால் நான் தாங்க மாட்டேன்.

அண்ணன்


ஆனைக்குட்டம்
15.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வேன் வந்துவிட்டது. நான் பெட்டி கட்டவில்லை.

உங்கள் கடைசி வரியை நாலு தடவை படித்தேன். நம்புகிறேன். என் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

மருந்தைக் கொட்டவில்லை. கொட்டச் சொல்லி யாரும் வரவில்லையாம். நேற்று நானே கொட்டப் போனேன். பாண்டிலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டாள். வீணானால் போர்மேன் கூலியில் பிடிப்பாராம். எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்றேன். "போயி? ஒங்க அண்ணாச்சி சோறு அனுப்புவாகளா?" என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சாக்கு போன வாரத்தைவிடச் சூடாக இருந்தது.

இன்றிலிருந்து அவர்கள் உட்காரும்போது நானும் உட்காருவேன். எழுந்தால் எழுவேன். அவர்களை எழுப்ப உங்களால்தான் முடியும். போன் எடுத்துப் போகவில்லை. மருந்து இருக்கும் இடத்துக்கு நம் வீட்டில் யாரும் எடுத்துப் போக மாட்டோம். நேரில் வாருங்கள். சுலபமான பாதை.

ஊர்க்காவலனைச் சுமைதாங்கிக் கல் வரை கூட்டி வந்திருக்கிறேன். கல்லின் மேல் தாளை வைத்து இதை முடிக்கிறேன். பதிமூன்று ஜோடி கிடந்தது. என்னுடையதைக் கழற்றி வரிசைக் கடைசியில் விட்டேன்.

மதி