ஒரு வளையம் மிஞ்சியது

மாஸ்டர்,

இன்று காலை முழங்காலுக்குப் பூசும் தைலத்தைத் தேடி அலுமாரியின் மேல்தட்டில் கையை விட்டேன். போத்தல் அகப்படவில்லை. பழைய வேட்டி மடிப்புக்குள்ளிருந்து அந்தக் கம்பளி நூல் வளையம்தான் விரலில் மாட்டிக்கொண்டு வந்தது. சிவப்பெல்லாம் போய்ச் செங்கல் நிறமாகிவிட்டது. பூச்சி உருண்டை வாசம் வேறு. கதிரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து, "என்னப்பா, தைலம் கெடைச்சுச்சா?" என்று கேட்டாள். வளையத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். காது கேட்கவில்லை என்று நினைத்துப் போய்விட்டாள்.

நீங்கள் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு நீங்கள் தொடங்கி வைத்த மலை ஓட்டம். நடத்துகிற பையன்கள் நேற்று போன் எடுத்து, "அங்கிள், மேல மடுவத்துக்கு வழக்கம்போல நீங்கதான்" என்றார்கள். முடியாதுப்பா, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சரி என்று வந்துவிட்டது. அலுப்பாக இருக்கிறது மாஸ்டர். படி ஏறினால் அலுப்பு, இறங்கினால் அலுப்பு, ஆள் வந்து பேசினால் அலுப்பு. உங்களுக்கு மட்டும் இந்தச் சனியன் கடைசிவரை வரவேயில்லை.

கிழமை நாளெல்லாம் கணக்குப் பாடம். கையிலிருக்கிற வெண்கட்டித் தூளைக் காற்சட்டையில் தட்டிவிட்டு மைதானத்துக்கு இறங்கிவிடுவீர்கள். ஞாயிறு விடிந்தால் வாவியைச் சுற்றி உங்கள் பின்னால் ஒரு கூட்டம். தபால் பியோன், ஜவுளிக்கடை நானா, சிங்களப் பாண் பேக்கரிக்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் அம்மா, அவரவர் பாஷையில் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடும். "மேட்டுல பேசிக்கிட்டே ஓடணும். பேச முடியலன்னா வேகம் கூடிருச்சுன்னு அர்த்தம்" என்பீர்கள். கலவரத்துக்குப் பிறகு ஊரில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்காத நாட்களில்கூட நீங்கள் தனியாக வாவியைச் சுற்றினீர்கள். நான்காவது வாரம் பேக்கரிக்காரர் ஒன்றும் பேசாமல் வந்து பக்கத்தில் ஓடினார். அதை நான் பாதையோரத்தில் நின்று பார்த்தேன்.

பார்க்கத்தான் எனக்குத் தெரியும். நகரசபைக் கந்தோரில் கதிரை தேய்த்தவன் நான். என்னை இழுத்து வந்து நீங்கள்தான் ஒரு வேலை கொடுத்தீர்கள்.

"கிளார்க்கய்யா, உங்களால ஓட முடியாது. நிக்கவாவது முடியும்ல? மேல போய் மடுவத்துல நில்லுங்க."

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான அந்த மடுவம்தான் ஓட்டத்தின் திரும்புமுனை. ஆரம்ப வருஷங்களில் சில கெட்டிக்காரர்கள் கோயில் வளைவிலேயே குறுக்குப் பாதையில் புகுந்து, வேர்க்காத முகத்தோடு முதல் ஆளாக வந்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் நூல். ஓடுகிற ஆளுக்கு ஒன்று என்று எண்ணி முந்தின நாள் நாமிருவரும் வளையம் முடிந்து வைப்போம். மடுவத்தில் நான் அதை ஒவ்வொருவர் கையிலும் மாட்டிவிட வேண்டும். கீழே நீங்கள் கழற்றி வாங்கிக்கொண்டு பேர் எழுதுவீர்கள். நூல் இல்லையென்றால் ஓட்டம் இல்லை. உங்கள் சொந்தத் தம்பி மகன் வளையத்தை வழியில் தொலைத்துவிட்டு வந்தபோதுகூட நீங்கள் எழுதவில்லை. தம்பி சம்சாரம் ஒரு வருஷம் உங்களோடு பேசவில்லை.

ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்று சிரித்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

"கிளார்க்கய்யா, இன்னைக்கு ஒரு புள்ள மேட்டுல என்னைய விட்டுட்டுப் போயிருச்சு. கொழுந்துக் கூடையோட!"

செல்வராணி. ஹந்தானையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பிள்ளை. அப்போது இருபது வயது இருக்கும். அதுவரை லயத்திலிருந்து ஒரு பெண்ணும் நம் ஓட்டத்துக்கு வந்ததில்லை. மூன்று மாதம், ஞாயிறு தவறாமல் அவள் அப்பாவிடம் நடந்தீர்கள். "பொம்பளப் புள்ள ரோட்டுல ஓடுறதாங்க சார்?" என்று அந்த மனுஷன் வாரவாரம் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். கடைசியில் இறங்கி வந்தார். "ஒரு தடவைதான் சார். அவ பேரு கெடாம கொண்டாந்து விட்டுருங்க." அந்தச் சந்தோஷத்தில் போய் அவளுக்குப் புதுக் கான்வஸ் சப்பாத்து வாங்கினீர்கள். பிறந்ததிலிருந்து வெறுங்காலோடு மலை ஏறியவளுக்கு! நான்கூடப் பக்கத்தில் நின்று நிறம் பார்த்தேன்.

ஓட்டத்தன்று காலையிலிருந்தே மழையும் மூடுபனியும். ஓடியவர்கள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டித் திரும்பினார்கள். கடைசியாக நர்ஸ் அம்மா போனார். பிறகு வெகு நேரம் யாரும் இல்லை. என் கையில் ஒரு வளையம் மிஞ்சியது. யாரோ பாதியில் நின்றிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடை இல்லை. பல் தந்தியடித்தது. தோட்டத்து லொறி ஒன்று கீழே புறப்பட்டது. வளையத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறிப் படங்குக்கு அடியில் குந்திக்கொண்டேன். வழியில் யார் ஏறி வருகிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கீழே எல்லோரும் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகும் நீங்கள் முடிவுக் கோட்டுக் கயிற்றைச் சுருட்டாமல் நின்றீர்கள். செல்வராணி வந்தாள். சப்பாத்து இரண்டும் கையில். குதிகால் தோல் உரிந்து தொங்கியது. கொப்புளம் வந்து, உட்கார்ந்து, கழற்றிப்போட்டு, பிறகு ஏறியிருக்கிறாள். நீங்கள் ஆசையோடு கையை நீட்டினீர்கள்.

"நூல் எங்கம்மா?"

"மடுவத்துல யாருமே இல்லீங்க சார். கூப்புட்டுக்கூடப் பாத்தேன்."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "கிளார்க்கய்யா, எல்லாரும் திரும்பின பொறகுதானே எறங்கினீங்க?"

"ஆமா மாஸ்டர்."

எவ்வளவு சுலபமாக வந்தது! பைக்குள் ஈர நூல் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ "கோயில் வளைவு" என்று சொல்லிச் சிரித்தார்கள். "நான் ஓடினேன் சார்" என்றாள். இன்னொரு தடவையும் சொன்னாள். பேனா உங்கள் கையில் இருந்தது. நீங்கள் எழுதவில்லை. "அடுத்த வருஷம் வாம்மா" என்று மெதுவாகச் சொன்னீர்கள். அவள் அப்பா சப்பாத்தை வாங்கி உங்கள் மேசை மேல் வைத்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவள் அதற்குப் பிறகு வரவேயில்லை. லயத்திலிருந்து இன்னொரு பெண் வர எத்தனையோ வருஷம் ஆயிற்று.

நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நாளை வரவில்லை. பயம் மாஸ்டர். சொன்னால் என்னை மடுவத்தில் நிற்க விடமாட்டீர்கள் என்ற பயம். ஓடாத எனக்கு உங்கள் கூட்டத்தில் இருந்த ஒரே இடம் அது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நான்தான் கடைசியாக இறங்கினேன். மழை பெய்தாலும் அசையவில்லை. "கிளார்க்கய்யா மாதிரி நிக்க ஆள் கெடையாது" என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் செருப்பால் அடிப்பது போல இருக்கும். சிரித்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். நான் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கூரையைப் பார்த்தபடி, "அந்தப் புள்ள ஏன் பொய் சொல்லுச்சு, கிளார்க்கய்யா? என்கிட்ட எதுக்குப் பொய்?" என்றீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும்! நான் ஒரு சுளையை எடுத்து உங்கள் வாயில் வைத்தேன்.

இன்று மத்தியானம் தைலம் பூசாமலே பஸ் ஏறி ஹந்தானைக்குப் போனேன். அவள் லயத்து வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். முடி பாதி வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மிஞ்சிய வளையம், மழை, லொறி, நான் சொன்ன "ஆமா".

"ஆள் இல்லேன்னு எனக்குத் தெரியுமேங்க. நான்தானே அங்க நின்னேன்" என்றாள். கோபம்கூட இல்லை. பிறகு கேட்டாள்: "சாருக்குச் சொன்னீங்களா?"

"இல்லம்மா."

கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள்.

"அப்ப சார் என்னையப் பொய்க்காரின்னு நெனைச்சுக்கிட்டேதான் போனாரா?"

வளையத்தை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"என்கிட்ட எதுக்குங்க குடுக்குறீங்க? வாங்கிக்க வேண்டியவரு போயிட்டாருங்களே."

லயத்து வாசலுக்குப் போனவனை ஒரு வாய்த் தேத்தண்ணி குடிக்கச் சொல்லாமல் அனுப்புகிற வழக்கம் அங்கே கிடையாது. என்னை அப்படித்தான் அனுப்பினாள். அவள் செய்தது சரி.

ஞாயிறு மடுவத்துக்குப் போவேன். முழங்கால் எக்கேடும் கெடட்டும். கடைசி ஆள் திரும்பும்வரை நிற்பேன். அதனால் ஒன்றும் நேராகிவிடாது என்று எனக்கும் தெரியும். வளையம் மறுபடி சட்டைப் பையில்தான் இருக்கிறது. கொடுக்க ஆள் இல்லை.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் எழுதிவிடுகிறேன். அவள் பொய் சொல்லவில்லை மாஸ்டர். உரிந்த காலோடு மடுவம்வரை ஏறித்தான் திரும்பினாள். நீங்கள் என்னை ஓடச் சொல்லவில்லை, நிற்கத்தான் சொன்னீர்கள். நான்தான் நிற்கவில்லை.