வேம்புக்குக் கூரை எதுக்குக்கா?

அம்மாவுக்கு அம்மாவா இருந்து என்னை வளர்த்த அக்காவுக்கு,

நீ போன பிறகு இங்க ஒரு பெரிய சேதி நடந்துபோச்சு. செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில கேட்டாக்கூடச் சொல்வாங்க. ஆனா நான் சொல்ற மாதிரி வராது. எட்டாங்கிளாஸுக்கு மேல எனக்குச் சொல்லித்தர ஆளில்லாமத்தானே பள்ளிக்கூடத்தை விட்டேன்.

சிங்கவரத்துக் கழனி ஓரத்துல உன் வேம்பு இருக்குதில்ல? வேர்க்கடலைக்குக் களை எடுத்துட்டு வந்து நீ சோறு தின்ன இடம். வெள்ளிக்கிழமையானா மஞ்சள் பூசுவியே. அங்க உன் ஞாபகமா அம்மனுக்குக் கோயில் கட்டணும்னு உன் மகன் சேகர் கிளம்பிட்டான். சிமெண்டுத் தளம், இரும்பு கேட்டு, மேல தகர ஷீட்டு. ஷீட்டுக்கு இடைஞ்சலா இருக்குதுன்னு, கிழக்கால போற பெரிய கிளையை வெட்ட ஆளும் வந்துட்டான்.

வேட்டியை மடிச்சுக் கட்டினேன். ஒரே தாவுல மேல போயிட்டேன். கோட்டைமலைக் குரங்குங்க பார்த்திருந்தா என்னைத் தலைவனா வச்சிருக்கும். அந்தக் கிளையிலேயே சம்மணம் போட்டு உக்காந்துட்டேன்.

"மாமா, இறங்குங்க. ஊரு சிரிக்குது."

"சிரிக்கட்டும். முதல்ல என்னை வெட்டச் சொல்லு."

"இது சாமி காரியம் மாமா. கோயில் பக்கமே வராத ஆளு நீங்க, உங்களுக்கு இன்னா தெரியும்?"

சுருக்குனு குத்துச்சுக்கா. நீயும் அதைத்தானே கேட்ப? அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூர் பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு உனக்கு இடம் பிடிச்சவன் நான்தான். ஆனா கோயில் உள்ள மட்டும் வரமாட்டேன். 'உனக்குன்னு ஒரு சாமி இல்லாமலே போயிடுவியாடா'ன்னு கடைசியில படுக்கையிலகூடக் கேட்ட.

அதுக்குப் பதில் மரத்து மேலதான் வந்துச்சு. உச்சி வெயில். பாறையெல்லாம் தோசைக்கல்லா காயுது. கீழ பார்த்தா சேகர், மேஸ்திரி, கோடாலிக்காரன், வேடிக்கை பார்க்க வந்த பாதி சிங்கவரம், எல்லாரும் ஒட்டிக்கிட்டு அந்தக் கிளையோட நிழலுக்குள்ளயே நிக்கிறாங்க. ஒரு கால்கூட வெயில்ல இல்ல.

"டேய் சேகர், எதுக்குக் கீழ நின்னுகிட்டு எதை வெட்டச் சொல்றன்னு பாரு. உங்கம்மா இந்த நிழலைத்தான்டா கும்பிட்டா. அந்த அம்மனைத் தகரத்துக்குக் கீழ வச்சா வெந்துபோவா."

சேகர் அண்ணாந்து பார்த்தான். ஒரு காத்து வந்துச்சு. வேப்பம்பூ அவன் மூஞ்சி பூரா கொட்டுச்சு. நான்தான் கிளையை உலுக்கினேன்னு சிலர் சொல்றாங்க, நம்பாத. அவன் துடைக்கக்கூட இல்ல. மேஸ்திரிகிட்டத் திரும்பி, "ஷீட்டை வண்டியில ஏத்துங்க"ன்னான்.

இறங்கத்தான் ஏணி வேண்டியிருந்துச்சு. அதை விடு.

இப்போ அங்க உண்டியல் இல்ல, மைக்செட்டு இல்ல. மைனா இருக்குது, கட்டெறும்பு இருக்குது. காலையில வெயில் வந்து இலைமேல விழும்போது போய் நிப்பேன். கை தானா சேர்ந்துக்குது. யாரும் சொல்லித்தரல. உனக்கும் அங்க நின்னா இப்படித்தான் இருந்துச்சா?

என் சாமி கெடச்சிடுச்சுக்கா. இனிமே அந்தக் கவலை உனக்கு வேணாம். என் உசுரு இருக்கிற வரைக்கும் அந்தக் கிளைக்கு மேல வானத்தைத் தவிர வேற கூரை வராது.

இப்படிக்கு,
பஸ்ஸுல உனக்குத் துண்டு போட்டு இடம் பிடிச்ச
உன் தம்பி