ஐம்பது மோட்டாருக்கும் ஒரே எண்

உக்கடம், கோவை
14.6.1999

பெருந்துறை நூல் மில்லில் பெரிய இன்ஜினியராக இருக்கும் சாஜித் மச்சான் அவர்களுக்கு,

கண்டுபிடித்துவிட்டேன், மோட்டார் உதறியது எங்கள் அத்தா சுற்றிய கம்பியால் இல்லை, உங்கள் கால்குலேட்டரால்!

ஸலாம் சொல்லாமல் தொடங்கியதற்கு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். நாலு இமெயில் போட்டேன், பதில் இல்லை. அதனால்தான் தபால். கிழித்துப் போட்டாலும் என்னிடம் நகல் இருக்கிறது.

உங்கள் மில்லுக்கு அத்தா செய்து தந்த மோட்டார்கள் மலிவானவை, வேகம் பார்க்கும் சென்சார் கிடையாது. வோல்டேஜையும் கரண்ட்டையும் வைத்து உங்கள் கண்ட்ரோலர்தான் வேகத்தைக் கணிக்க வேண்டும். அதற்கு அந்தந்த மோட்டாரின் மின்தடை தெரிய வேண்டும். கையால் சுற்றியவை, ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டு, ஐம்பதையும் ஒவ்வொன்றாக, அச்சு சுழலாமல் இறுக்கிப் பிடித்து அளந்தேன். சிவப்புப் பெயிண்டில் வரிசை எண் போட்டு, அளவை நோட்டில் எழுதி, அதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்தேன்.

அந்த நோட்டை வாங்கும்போது என்ன சொன்னீர்கள்? "அம்மணி, பிரவுசிங் சென்டர்ல படிக்கிறதெல்லாம் படிப்பாகாதுங்கோ." என்ன சிரிப்பு!

மில்லிலிருந்து மோட்டார்களோடு திரும்பி வந்த கண்ட்ரோலர்களைப் பார்த்தேன். படித்தவர் செய்த வேலை தெரிந்தது. என் ஐம்பது அளவையும் கூட்டி, ஐம்பதால் வகுத்து, அந்த ஒரே எண்ணை எல்லாவற்றிலும் போட்டிருக்கிறீர்கள். மின்தடை குறைந்த மோட்டார்களைக் கண்ட்ரோலர் அளவுக்கு மீறித் தள்ளும், அவை உதறாமல் என்ன செய்யும்? கூடியவை லோடு ஏறியதும் சோர்ந்துதான் போகும். ஐம்பது பேருக்கு ஒரே அளவில் செருப்பு வாங்குவீர்களா?

மில்லில் மோட்டார்களை ஓட்டிப் பார்த்த அன்று உங்கள் மேனேஜர் பொங்கியண்ணன் பேசியதை அத்தா வந்து சொன்னார். நூல் அறுந்து அறுந்து விழுந்ததாம். "ஏனுங்க ரசாக் பாய், இது மோட்டாருங்களா, குளிர் காய்ச்சல் வந்த ஆளுங்களா? இப்புடி ஒதறுது!" என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா சுத்துனதுல ஏதோ கோளாறுங்க" என்றீர்களாம். மாமா! வாயில் எப்படி வந்தது அந்தச் சொல்?

நேற்று பதினேழாம் நம்பர் மோட்டாருக்கு அதன் சொந்த எண்ணைப் போட்டு, நூல் கட்டி ஓட்டினேன். ஒரு மணி நேரம், ஒரு நூல்கூட அறுபடவில்லை. உங்கள் எண்ணை மாற்றிப் போட்டேன், இரண்டே நிமிடத்தில் உதறல்! இருபது மோட்டாரில் இப்படிப் பார்த்துவிட்டேன்.

அத்தாவிடம் காட்டினால் நம்ப மாட்டேன் என்கிறார். "சாஜித் படிச்ச புள்ள, அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். என்ர கைதான் கெட்டுப்போச்சு கண்ணு" என்கிறார். நல்ல மோட்டார்களின் கம்பியை அறுத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார். இதுவரை ஒன்பது. மீண்டும் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் மூன்று முறை எண்ணுகிறார், மச்சான். முன்பெல்லாம் ஒரு முறைதான்.

என்னைப் பாராட்ட வேண்டாம். நோட்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அன்று சிரித்த அத்தனை பேரையும் பொங்கியண்ணன் முன்னால் கூட்டி, இந்தக் கடிதத்தை உரக்கப் படியுங்கள். அதற்கான வாயை அல்லாஹ் உங்களுக்குக் கொடுக்கட்டும்.

படித்ததும் ஒரு போன் போடுங்கள். எனக்கு இல்லை, அத்தாவுக்கு. அவர் பத்தாவது மோட்டாரை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
படிக்காத மெஹராஜ்