சூஷிக் கடையில் நாங்கள்

கடற்கரை விடுதி,
மூன்றாம் மாடி.
ஜூன் 3

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நல்லபடியாக இருக்கிறேன். மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறேன், ஆகையால் அதைக் கேட்டு ஒரு கடிதத்தை வீணாக்காதே. போனில் பேசினால் நீ 'சாப்பிட்டியா' என்பாய், நான் 'சாப்பிட்டேன்' என்பேன், அதோடு பேச்சு தீர்ந்துவிடும். கடிதத்தில்தான் நாம் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசுகிறோம்.

இங்கே காலையில் கடல் இருப்பதே தெரிவதில்லை. மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது, அலைச் சத்தம் மட்டும் உள்ளே வருகிறது. காலமெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்தவளுக்கு, எதையும் தெளிவாகப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய ஓய்வு என்று இங்கே வந்துதான் தெரிகிறது. முதல் இரண்டு நாளும் என் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். மத்தியானம் தூங்கி எழுந்தால் வெளியே இருப்பது காலையா மாலையா என்று புரியவில்லை. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை. என்னை வலுக்கட்டாயமாக ரயிலேற்றி அனுப்பிய உனக்கு நூறு கும்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நான் சூஷி சாப்பிட்டேன். நெஞ்சில் கையை வைக்காதே. ஆமாம், மீன்தான். ஆமாம், வேகாத மீன்தான்.

விடுதிக்குப் பின்தெருவில் அந்தக் கடை இருக்கிறது. உள்ளே பரிமாற ஆள் கிடையாது. ஒரு பட்டை மெதுவாகச் சுற்றி வருகிறது, அதன்மேல் சின்னச் சின்னத் தட்டுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். விட்டுவிட்டால் அது கோபித்துக்கொள்ளாமல் இன்னொரு சுற்று போய்விட்டு வருகிறது. நாங்கள் ஓரமாக உட்கார்ந்து வெகுநேரம் வேடிக்கை மட்டும் பார்த்தோம். வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு என்று தட்டுகள் மிதந்து போவதைப் பார்க்கப் பார்க்கக் கண் சொக்கியது. பசியே மறந்துவிட்டது.

கடைசியில் ஒன்றை எடுத்தேன். கட்டைவிரல் அளவு சோறு, ஆறியது, லேசான புளிப்பு. அதன்மேல் ஒரு மீன் துண்டு. விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவி வருகிறது. அவ்வளவு சீராக ஒரு பொருளை மெலிதாக்க எனக்கு மெஷின் வேண்டும், அங்கே மீன் நறுக்குகிற ஆள் கத்தியாலேயே செய்துவிடுகிறான். கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டேன். முதலில் குளிர்ச்சி. பிறகு ஒரு கணம் நாக்கில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. அதற்குப் பிறகுதான் ருசி வந்தது, எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருவது போல. நாற்றம் கொஞ்சமும் இல்லை, கண்ணு.

அடுத்தது கறுப்புக் காகிதம் மாதிரி ஒரு கடற்பாசியில் சுருட்டியது. அந்தப் பாசி நீ செய்து கொடுத்த மேல்வரிசைப் பல்செட்டில் போய் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. நாக்கால் தள்ளிப் பார்த்து, முடியாமல், விரலை விட்டு இழுத்தேன். பக்கத்தில் ஒரே சிரிப்பு.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா


பல் கட்டும் லேப்,
ஜூன் 7

அன்புள்ள அம்மா,

உன் கடிதத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். ஒரு கையில் யாருடையதோ கீழ்த்தாடை அச்சு, இன்னொரு கையில் நீ. அந்தப் பல்செட்டை நான் எத்தனை தரம் தேய்த்துத் தேய்த்து உன் ஈறுக்குப் பொருத்தினேன், அதில் கடற்பாசியை ஒட்டவைத்து விரலால் இழுத்தேன் என்கிறாயே. ராத்திரி கழற்றி ஊறவை. பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்காதே.

உன் மாப்பிள்ளையிடம் நீ பச்சை மீன் சாப்பிட்ட கதையைச் சொன்னேன். "ஏன், அத்தை பூனையாயிட்டாங்களா?" என்றார். சிரித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

இங்கே நம் வீட்டில் உனக்கான மாடி அறைக்குப் பெயின்டர் வந்துவிட்டார். இளம் மஞ்சளா, வெள்ளையா என்று போன வாரமே கேட்டேன், நீ வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் பக்கம் உன் கட்டில் வரும். பழைய வீட்டை இந்த மாதக் கடைசியில் காலி செய்து கொடுத்துவிட வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? அப்பா போனதிலிருந்து நீ அங்கே தனியாக இருந்தது போதும். எதிர்வீட்டு டீச்சரிலிருந்து பஸ் கண்டக்டர்வரை எல்லாரிடமும் 'எங்கம்மா எங்ககூடவே இருக்க வராங்க' என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கடிதம் முழுக்க 'நான், நான்' என்று எழுதிக்கொண்டு வந்தவள், அந்தக் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்ததும் 'நாங்கள்' ஆகிவிட்டாய். 'நாம்' என்று எழுதியிருந்தால் என்னையும் மனதில் கூட்டிக்கொண்டு போனாய் என்று நினைத்துக்கொள்வேன். 'நாங்கள்' என்றால் நான் வாசலுக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே உன் பக்கத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள். யாரம்மா அது?

உன்,
மகள்


கடற்கரை விடுதி,
ஜூன் 10

அன்பு மகளுக்கு,

பல் கட்டுகிறவளுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்கலாம் என்று பார்த்தேன். ஆனால் நீ பிடித்துவிட்டாய். பேனா தானாக எழுதிவிட்டது. நானே உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் கவனித்தேன்.

நீ என்னைச் சேர்த்துவிட்ட சுற்றுலாக் குழுவில் ஒருவர் இருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக், ஓய்வு பெற்றுவிட்டார். எல்லாரும் அவரை லிஃப்ட்காரர் என்கிறார்கள். மனைவி காலமாகி நாளாகிறது. முதல் நாள் நான் லிஃப்டுக்குள் போனபோது சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். மனுஷனுக்கு எங்கோ கழன்றுவிட்டது என்று நினைத்து ஒதுங்கினேன். "கம்பி அழுவுது, கேக்குதா?" என்றார். கேட்டுத் தொலைப்போம் என்று நானும் காதை வைத்தேன். உண்மையிலேயே மேலே எங்கோ ஒரு மெல்லிய அழுகை. இரண்டு பேரும் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது கதவு திறந்துவிட்டது. வெளியே குழு மொத்தமும் நிற்கிறது. அந்த வெட்கத்தைக் கேட்காதே.

சூஷிக்குக் கூப்பிட்டதும் அவர்தான். அவரும் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை. "ரெண்டு பேருக்குமே தெரியாத சாப்பாடுங்க. யாரும் யாருக்கும் சொல்லிக்குடுக்க வேண்டியதில்ல" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மேசைக்கு அடியில் குனிந்து அந்தப் பட்டையை ஓட்டுகிற மோட்டாரைத் தேட ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் பதறி ஓடி வந்தார். எங்கள் இரண்டு பேரையும் துரத்திவிடுவார் என்றே நினைத்தேன்.

அதற்குப் பிறகு தினமும் அங்கேதான் போகிறோம். பேசுவது கொஞ்சம்தான். தட்டுகள் வருகின்றன, போகின்றன. வெளியே பனி. சில சமயம் அந்தக் கடையே மெதுவாகச் சுற்றுகிறது, நாங்கள் மட்டும் அசையாமல் இருக்கிறோம் என்று தோன்றும். அவர் கண்ணாடி தப்பான பவர், வலது கண்ணுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறேன். அவர் வீடு நம் ஊரில்தான், பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பெயின்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா


ஜூன் 13

அம்மா,

அப்பா இருந்தவரை நம் வீட்டுக்குள் மீன் வந்ததில்லை. அவருக்கு அந்த வாசம் ஆகாது. பக்கத்து வீட்டில் பொரித்தால்கூட நீ ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாய். உனக்கு உயிரான ஒன்றை அவருக்காகக் கல்யாணத்தன்றே விட்டுவிட்டாய் என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வேன். அவர் போன பிறகும் நீ தொடவில்லை. நான் வாங்கி வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் 'வேணாம், விட்டுப்போச்சு' என்றாய். நான் கேட்டால் விட்டுப்போன ஒன்று, யாரோ ஒரு லிஃப்ட்காரர் கூப்பிட்டதும் வேகவைக்கக்கூடப் பொறுமையில்லாமல் வந்துவிட்டது.

பெயின்டர் ஏன் பொறுக்க வேண்டும்? சுற்றி வளைக்காமல் பச்சையாகச் சொல்லிவிடு. நான் இளம் மஞ்சளே அடிக்கச் சொல்லிவிட்டேன். ஒரு சுவர் முடிந்துவிட்டது.

மகள்


கடற்கரை விடுதி,
ஜூன் 16

கண்ணு,

பச்சையாகவே சொல்கிறேன். நான் அந்த மாடி அறைக்கு வரவில்லை. லிஃப்ட்காரர் வீட்டில் அவரோடு இருக்கப்போகிறேன். கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறார் அவர், நானும் சரி என்றுவிட்டேன். எழுதிய பிறகு இந்த வரிகளை நானே இரண்டு தரம் படித்துப் பார்த்தேன்.

உன் அப்பாவுக்காக மீனை விட்டதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை. அவரும் எனக்காகச் சீட்டாட்டத்தை விட்டார். நாங்கள் நன்றாகத்தான் வாழ்ந்தோம். நீ வாங்கி வரட்டுமா என்று கேட்டபோது வேண்டாம் என்றேனே, அது பொய்யில்லை. சமைத்துத் தட்டில் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்து முள் எடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கடைக்குப் போன இரண்டாம் நாள் அவர் பின்னாலிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்து நடந்துகொண்டே இருந்தேன். உனக்கு நான் அம்மா. மாப்பிள்ளைக்கு அத்தை. கண்ணாடிக் கடையில் அக்கா. அப்பாவுக்கு 'இந்தா'. என் பேர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது. அவர் மறுபடியும் கூப்பிட்ட பிறகு, பனிக்குள் நின்று, ஓ, அது நான்தானே என்று நினைத்தேன். கனவில் யாரோ எழுப்புவது போல இருந்தது.

நீ வேண்டாம் என்று எழுதினாலும் நான் போவேன். அழுதுகொண்டு போவேன். சரி என்று எழுதினால் சந்தோஷமாகப் போவேன். அந்த வித்தியாசம் எனக்கு ரொம்பப் பெரியது, அதனால்தான் கேட்கிறேன். இருபத்துநான்காம் தேதி சாயங்காலம் ரயில் வருகிறது. ஸ்டேஷனுக்கு வருவாயா?

அம்மா


ஜூன் 20

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்த அன்று சமையலறையில் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். உன் மாப்பிள்ளை பயந்துபோய்ப் பாத்திரமெல்லாம் கழுவி வைத்தார்.

நேற்று வேலை முடிந்து, லேபுக்கு எதிரில் இருக்கிற சூஷிக் கடைக்குள் போனேன். இத்தனை வருஷம் அதன் வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அங்கே தட்டுகள் சுற்றவில்லை, ஒரு பெண் கொண்டுவந்து வைத்தாள். எனக்குப் பிடிக்கவில்லை, அம்மா. வழவழவென்று இருந்தது. இரண்டாவதும் பிடிக்கவில்லை. கடற்பாசி சுருட்டியதைக் கடித்தபோது அது அண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. பல்செட் கட்டிய நாளிலிருந்து நீ என் எதிரில்கூடக் கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாய். செட்டைக் கழற்றும்போது கதவைச் சாத்திக்கொள்வாய். அந்தப் பல்லைச் செய்தவளே நான்தான். அப்படிப்பட்டவள் ஓர் ஆம்பளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, விரலை விட்டுப் பாசியை இழுத்து, அவரைச் சிரிக்க வைத்திருக்கிறாய். அங்கேயே அழுதுவிட்டேன். பரிமாறுகிற பெண் ஓடி வந்து "காரமா இருக்கா? தண்ணி தரட்டுமா?" என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்குக் கோபம் அப்பாவுக்காக என்றுதான் நினைத்தேன். இல்லை, எனக்காகத்தான். ராத்திரி வேலை முடிந்து வந்தால் மாடியில் உன் விளக்கு எரியும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அது இல்லை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நாளாகும். பாலத்துக்கு அந்தப் பக்கம் வர நான் கொஞ்சம் தயங்கினால் பொறுத்துக்கொள். ஆனால் சரி என்றுதான் எழுதுகிறேன். நீ சந்தோஷமாகப் போ.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். வந்து, கொஞ்சம் தள்ளி, தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். நீ முதலில் இறங்கி உன் பாட்டுக்கு நடக்க ஆரம்பி. அவரைப் பின்னாலிருந்து ஒரு தடவை உன் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். நீ திரும்பும்போது உன் முகம் எப்படி இருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் மற்றதற்கெல்லாம் மெல்லப் பழகிக்கொள்வேன்.

உன்,
மகள்