நெருஞ்சிக் கசாயமும் அப்பாவின் நீரடைப்பும்

இயேசு மரி சூசை துணை

காரிமங்கலம்
14-5-1971

அன்பு மகன் சின்னப்பராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்துல நாங்க உசிரோட இருக்கோம், நீயும் மருமகளும் பேத்தியும் சுகமா இருக்க வேண்டிக்கிறேன். சுகம் விசாரிச்சுட்டேன், இனி என் கோபத்தைக் கேளு.

அப்பாவுக்கு நீர் சொட்டுச் சொட்டாப் போகுதுன்னு உனக்கு எழுதினது, டாக்டர்கிட்டப் போகச் சொல்லி நீ புத்தி சொல்லுவேன்னுதான். நீ என்ன பண்ணின, கூட வேலை செய்யிற யாரோ சொன்னான்னு சிறுநெருஞ்சியும் நீர்முள்ளியும் இடிச்சுக் கசாயம் வச்சு வேளைக்கு ஒரு சொம்பு குடிங்கன்னு அவருக்கு எழுதிட்ட. எம் பையனே சொல்லிட்டான்னு காடெல்லாம் சுத்தி நெருஞ்சியப் பிடுங்கிட்டு வந்துட்டாரு. நெருஞ்சி மேல எனக்கொண்ணும் பகையில்ல, வெயில் காலத்துல உனக்கு நீர்க்கடுப்பு வந்தப்ப நானே காய்ச்சிக் குடுத்திருக்கேன், கேட்டிருக்கு. இது கடுப்பு இல்லைங்க, வழியே அடைச்சிருக்குன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், பிலாய் இரும்பாலையில வேலை பாக்குற எம் பையனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சான்னுட்டாரு.

போன சந்தை நாளன்னிக்கு ஒரு சொட்டும் இறங்கல, அடிவயிறு கல்லாட்டம் வீங்கிடுச்சு. அப்பவும் இன்னொரு சொம்பு கேக்குறாரு, சட்டியத் தூக்கி வாசல்ல போட்டு உடைச்சேன். பக்கத்து வூட்டு பெரியண்ணன் ஓடிப்போய் லாரி ஒண்ண நிறுத்தினான், புளி மூட்டை மேல படுக்க வச்சு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. ரப்பர் குழாய் விட்டு நீரை எடுத்தாங்க. நீர்ப்பை வாய்கிட்ட சதை வளர்ந்து அடைச்சிருக்குதாம். கசாயம் நீரை ஊற வைக்கும், போக வழியில்லாதப்ப அது எங்கேம்மா போகும், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டாருன்னு டாக்டர் என்னைத் திட்டினாரு. உனக்கு விழ வேண்டிய திட்டை நான் வாங்கிக்கிட்டு நின்னேன்.

இப்ப ஆபரேஷன் பண்ணணுமாம், சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காங்க. வூட்டுக்கு வந்து குழாயோட படுத்துக்கிட்டு, கத்தி வைக்க விடமாட்டேன்னு ஒரே அடம். பயம்தான், எனக்குத் தெரியாதா, என் கையை ஒரு நிமிஷம் விடமாட்டேங்கிறாரு. ஆனா என் பேச்சு மட்டும் அவர் காதுல ஏறாது, உன் பேச்சுதான் ஏறும். பணம் அனுப்பாதே, பதில் கடுதாசியும் போடாதே. லீவு போட்டு ரயிலேறி வா, வந்து அவர் பக்கத்துல நின்னு உன் வாயால சொல்லு.

மாதா உங்க மூணு பேரையும் காப்பாத்தட்டும். பேத்தி நெத்தியில என் பேரால சிலுவை போடு. வரும்போது யார் சொன்ன மருந்தையும் கட்டி எடுத்துக்கிட்டு வராதே.

கோபம் தீராத உன் அம்மா,
மிக்கேலம்மாள்