மழை விட்ட பிறகு

அன்பு மகளே,

மூன்று நாளாக ஹவானாவில் அடைமழை. இன்று காலை வெயில் சுள்ளென்று அடித்ததும் என் சுற்றுலாக் கூட்டம் கைதட்டியது. நானோ அண்ணாந்து சுவர்களைப் பார்த்தேன். நம் பழைய வீடுகள் மழையில் விழுவதில்லை. ஊறிய சுவர் வெயிலில் காயும்போதுதான் விழும். உனக்குத் தெரியாததா?

ஸ்பெயின்காரன் கட்டிய கோயில், மாளிகை எல்லாம் காட்டிவிட்டு நம் வீட்டு எதிரில் நிறுத்தினேன். கல் வளைவு, இரும்புப் பால்கனி என்று வாய் தானாக ஒப்பித்தது. பால்கனிக்கு முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளைப் பார்த்து ஒருத்தி, "ஐயோ, இதுல யாராவது இருக்காங்களா?" என்றாள்.

"யாருமில்லைங்க. எல்லாரும் காலி பண்ணிட்டாங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து உன் அப்பா காபிக் கோப்பையோடு பால்கனிக்கு வந்து எனக்குக் கையசைத்தார். எல்லோரும் படம் பிடித்தார்கள்.

உன் சித்தி வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டேன். "பொண்ணு திரும்பி வந்து கதவைத் தட்டினா யாருடி திறப்பா? போ, போய் உன் டூரிஸ்டுங்களுக்குக் கதை சொல்லு" என்கிறார்.

மியாமியிலிருந்து நீ இனி வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் கோபமில்லை. நான் சொன்னால் அவர் நம்பமாட்டார். நீயே கூப்பிட்டுச் சொல். வலிக்கிற மாதிரியே சொல்.

தெருமுனையில் நின்றுகொண்டு இதைப் போனில் தட்டுகிறேன். அவர் இன்னும் பால்கனியில்தான் நிற்கிறார். வெயில் ஏறிக்கொண்டே போகிறது.

உன் அம்மா