சீதனமாய்க் கொடுத்த வீடு

செவ்வாய், வெல்லாவெளி

இல்லை, மாமியின் வீட்டு விஷயத்தை வேறு யாரிடமும் நான் சொல்லவில்லை. தோழி வளர்மதியிடம் மட்டும்தான் சொன்னேன். பல் கிளினிக்குக்கு இருவரும் வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு போன அன்று. பக்கத்து வளவுத் தங்கம்மா மாமி மகளுக்குச் சீதனமாக வீட்டைக் கொடுத்துவிட்டு, பின்னால் தகரக் கொட்டிலில் இருக்கிறா. வீட்டின் உறுதிப் பத்திரத்தை மட்டும் இன்னும் மகள் பெயருக்கு மாற்றவில்லை.

இன்று வீடில்லாதவர்களுக்கான வீட்டுத்திட்டக் கூட்டத்தில் வளர்மதி எழும்பி, "மாமிக்கு வீடு இருக்கு. உறுதியப் பாருங்க" என்றாள். மாமியின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டினார்கள். அதில் அடுத்து நின்றது வளர்மதியின் அக்கா.

வெளியே வைத்து வளர்மதியைக் கேட்டேன்.

"நான் பொய்யா சொன்னன்? நீதானே கா சொன்னாய்." சிரிக்கவும் செய்தாள்.

மாமி என்னைத்தான் தேற்றினா. "போகட்டும் மகள். குடுத்த வீட்டுக்குள்ள திரும்பிப் போய் நான் என்னெண்டு இருக்கிற? கொட்டிலுக்கு இன்னொரு தகரம் போட்டாச் சரி."

யாரிடமிருந்து விஷயம் போனது என்று மாமிக்கு இன்னும் தெரியாது.

இரவு, மாமியின் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு மேன்முறையீட்டுக் கடிதம் ஒன்றை எழுதி முடித்தேன். வீடு மகளுக்குச் சீதனமாகப் போய்விட்டது என்றும், உறுதி பற்றி முதலில் வெளியே சொன்னது நான்தான் என்றும் அதில் எழுதி, கையெழுத்து வைத்தேன். காலையில் மாமிக்கு வாசித்துக் காட்ட மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.